பென்சில் டிக்கும் ஏழரை டிகிரிப் பூட்டும்

அந்தக் கத்திப் பட்டறையில் அவளுக்கு டிக் என்று பெயர். சம்பளச் சீட்டில் வேறு பெயர்தான் இருந்தது. ஒருமுறை அந்தச் சீட்டு தவறிப்போய்ச் சாணைக்காரர் கையில் கிடைத்தது. அவர் பட்டறை முழுக்கச் சுற்றி, இப்படி ஒரு பெண் இங்கே யார் என்று விசாரித்துவிட்டு, கடைசியில் அவளிடமே வந்து கேட்டார். எட்டு வருஷமாக அவளுக்கு எதிர்மேஜையில் உட்கார்ந்திருக்கிறவர்.

பட்டறை என்றதும் உலை, சம்மட்டி, கரி பிடித்த சுவர் என்று எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். வெள்ளைத் தரை, வெள்ளை விளக்கு. காலில் துணி உறை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அங்கே தயாரானவை விலையுயர்ந்த மடக்குக் கத்திகள். ஒரு கத்தியின் விலை டிக்கின் இரண்டு மாதச் சம்பளம். அதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதைக் கொண்டு எதையும் வெட்டுவதில்லை. ஒரு கையால் திறப்பார்கள், மூடுவார்கள், திறக்கும்போது வரும் ஓசையைப் பற்றி நான்கு பக்கம் எழுதுவார்கள். வெட்டியே தீர வேண்டுமென்று தோன்றினால், அடுத்த கத்தி வந்த அட்டைப்பெட்டியின் ஒட்டுநாடாவை வெட்டுவார்கள்.

இந்தக் கத்தியின் உயிர் அதன் பூட்டில் இருக்கிறது. அலகைத் திறந்ததும் கைப்பிடிக்குள்ளிருந்து ஓர் உலோக நாக்கு நகர்ந்து வந்து, அலகின் குதிகாலுக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நின்றுகொள்ளும். அது நிற்கும்வரை அலகு திரும்ப மடங்காது. மூட வேண்டுமானால் கட்டைவிரலால் நாக்கை ஒதுக்கிவிட வேண்டும். நாக்கு சறுக்கினால் விரல் போகும். ஒட்டிக்கொண்டால் மானம் போகும். இரண்டும் போகாமல் பார்ப்பதுதான் டிக்கின் வேலை. கடைசி மேஜை அவளுடையது. ஒவ்வொரு கத்தியையும் முப்பது தடவை திறந்து மூடுவாள். திறந்த அலகின் முதுகை மரக்கட்டையில் மூன்று தட்டுத் தட்டுவாள். அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பாள். பிறகு காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து, நாக்கின் நுனியில் ஒரு டிக் போட்டுப் பெட்டியில் வைப்பாள்.

அவள் படித்தது தாவரவியல். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அம்மா பைகளும் பெட்டிகளும் பழுது பார்க்கிறவள். வீட்டின் முன்னறைதான் கடை. மகளின் பட்டச் சான்றிதழுக்கு இரட்டை உறை போட்டு, தையல் மெஷினுக்கு நேர் எதிரே மாட்டியிருந்தாள். ஜிப் மாற்ற வந்தவர்கள் எல்லோரும் காத்திருக்கும் நேரத்தில் அதைப் படித்தாக வேண்டியதாயிற்று. உங்கள் பெண் டாக்டரா என்று யாராவது கேட்டால், செடி டாக்டர் என்பாள். செடிக்கு வைத்தியம் பார்க்கிறவள் கத்திக் கம்பெனியில் என்ன செய்கிறாள் என்று யாரும் மேற்கொண்டு கேட்டதில்லை. கேட்டிருந்தால் அம்மாவிடம் பதில் இல்லை. மகளிடமும் இல்லை. மூன்று வருஷம் வேரையும் இலையையும் வரைந்து தள்ளியது இதற்குத்தானா என்று காலைப் பேருந்தில் யோசிக்கத் தொடங்குவாள். விடை வருவதற்குள் இறங்கும் நிறுத்தம் வந்துவிடும். எட்டு வருஷமாக நிறுத்தம்தான் முந்திக்கொண்டிருந்தது.

கல்லூரியிலிருந்து அவள் கையோடு வந்த ஒரே பொருள் பென்சில். செடியை மையால் வரையக் கூடாது என்பது அங்கே சட்டம். மூன்று வருஷ நெருக்கத்தில் பென்சில் பழகிவிட்டது. நல்ல கறுப்பாக, மென்மையாக எழுதும் பென்சில்.

டிக் பிறந்த கதை இது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஒரு கத்தி திரும்பி வந்தது. நாக்கு சறுக்குகிறதாம். அப்போதிருந்த மேற்பார்வையாளர் அவளைக் கூப்பிட்டு, பார்க்காமலே அனுப்பிவிட்டாய் என்றார். அவள் பார்த்திருந்தாள். அந்தக் கத்தியின் கைப்பிடியில் இருந்த கீறல்கூட அவளுக்கு நினைவிருந்தது. ஆனால் பார்த்ததற்கு என்ன சாட்சி? “பார்த்தேன் சார்” என்றாள். “எல்லாரும் அதான் சொல்வாங்க” என்றார் அவர். மறுநாள் பென்சிலோடு வந்தாள். பெட்டியில் குறி போட்டால் பெட்டியைத் தூக்கி எறிவார்கள். காகிதத்தில் போட்டால் காகிதம் காணாமல் போகும். கைப்பிடியில் போட்டால் துடைத்துவிடுவார்கள். நாக்கின் நுனி மட்டும்தான் யார் கண்ணிலும் படாத, யார் துணியும் போகாத இடம். அதன் பிறகு பார்க்காமல் அனுப்பினாய் என்று யாரும் அவளைச் சொன்னதில்லை. சொல்லட்டுமே என்றுகூடச் சில நாள் காத்திருந்தாள்.

அந்தக் காலத்தில் நாக்கு மெல்லியது. கைப்பிடியின் உள்ளே ஒரு மெல்லிய எஃகுத் தகடு. அதை வளைத்து நாக்காக்கியிருந்தார்கள். அதை மாற்ற வேண்டும் என்று கிளம்பியவர் வடிவமைப்பு இன்ஜினியர். அவருக்குப் பட்டறை வைத்த பெயர் டிகிரி. சாப்பாட்டு மேஜை நாற்காலி சாய்ந்திருந்தால்கூட எத்தனை டிகிரி என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். கெட்ட மனுஷர் இல்லை. அவளைப் பெயர் சொல்லி, வாங்க போங்க என்று பேசிய ஒரே ஆளும் அவர்தான். பெயரைத்தான் கொஞ்சம் தப்பாகச் சொல்வார்.

டிகிரியின் புதுப் பூட்டில் உள்தகடே கிடையாது. கைப்பிடியையே டைட்டானியத்தில் செய்து, அதன் ஒரு பக்கத்தில் நீளமாகக் கோடு அறுத்து, அந்தத் துண்டையே நாக்காக்கிவிட்டார். பழைய நாக்கைவிட நான்கு மடங்கு கனம். யானை மிதித்தாலும் சறுக்காது. யானைக்கு எதற்கு மடக்குக் கத்தி என்று சாணைக்காரர் கேட்டதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தொல்லை வேறு இடத்தில் இருந்தது. டைட்டானியமும் எஃகும் உரசினால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். சண்டை போட்ட கணவன் மனைவி கல்யாண வீட்டில் சிரித்துக்கொண்டு நிற்பதைப் போல, பிரிக்கவும் முடியாது, சேர்ந்திருக்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. எல்லாம் நாக்கும் குதிகாலும் சந்திக்கும் சாய்வில் இருக்கிறது என்று சொன்ன டிகிரி, ஆறு மாதம் அறையைச் சாத்திக்கொண்டு, ஏழரை டிகிரி என்று அறிவித்தார்.

“வேற நம்பரே கிடைக்கலையா?” என்றார் சாணைக்காரர். “வீட்டுக்கு வந்தா ஏழரைன்னு பயப்படுவோம். இவர் அளந்து வாங்கிட்டு வர்றாரு.”

மாதிரிக்கு இருபது கத்திகள் செய்தார்கள். கடைசி மேஜையைத் தாண்டாமல் எதுவும் வெளியே போகக் கூடாது என்பது விதி. அதனால் இருபதும் டிக்கின் கைக்கு வந்தன. முப்பது தடவை, மூன்று தட்டு, ஓர் ஆட்டல், ஒரு டிக். பிறகு டிகிரி அவற்றை மெஷினில் பூட்டி, ஒவ்வொன்றையும் ஐயாயிரம் தடவை திறந்து மூட வைத்தார். ஒன்றுகூட ஒட்டவில்லை. கண்காட்சியில் பரிசு கிடைத்தது. விளம்பரப் புத்தகத்தின் அட்டையில் ஏழரை என்ற எண் கத்தியைவிடப் பெரிதாக வந்தது. பரிசாக வந்த கண்ணாடிக் கேடயமும் இருபது கத்திகளும் டிகிரியின் அறை அலமாரியில் போய் உட்கார்ந்தன.

உற்பத்தி தொடங்கும் நேரம் பார்த்துப் புது மேலாளர் வந்து சேர்ந்தார். அதற்கு முன்பு சோப்புக் கம்பெனியில் இருந்தவர். எல்லாம் வழுக்கிக்கொண்டு போக வேண்டும் அவருக்கு. ஒருநாள் ஒரு கத்தியைக் கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தவர், நேராகக் கடைசி மேஜைக்கு வந்தார். இவ்வளவு விலைக்கு விற்கிற பொருளின் மேல் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கிறுக்குவது யார் என்று கேட்டார். பென்சில் காதிலேயே இருந்ததால் அவள் மறுக்க வழியில்லை. மறுநாள் அவளுக்கு ஒரு ஸ்கேனர் வந்தது. பார்த்து முடித்ததும் பெட்டியின் கோடுகளுக்கு நேரே நீட்டினால் பீப் என்னும். யார் பார்த்தது, எத்தனை மணிக்குப் பார்த்தது எல்லாம் கணினியில் ஏறிவிடும். சாட்சிதானே வேண்டும் உனக்கு, இதோ என்று மெஷினே சொல்வதுபோல இருந்தது. பென்சிலைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். நியாயமாகப் பார்த்தால் சந்தோஷப்பட வேண்டும். காதுதான் லேசாகிவிட்டது.

முதல் முந்நூறு கத்திகள் போயின. ஆறாவது வாரம் திரும்பத் தொடங்கின.

எல்லாவற்றிலும் ஒரே புகார். திறந்த கத்தியை மூட முடியவில்லை. கட்டைவிரல் வீங்கிப்போன படத்தை ஒருவர் மூன்று கோணத்தில் அனுப்பியிருந்தார். ஒருவர் திருப்புளி வைத்து நெம்பியதில் திருப்புளியும் வளைந்துவிட்டது. இன்னொருவர் நண்பர் வீட்டில் பெருமை காட்டப் போயிருக்கிறார். அறுபது தடவை திறந்து மூடிக் காட்டியவர், அறுபத்தோராவது தடவை மாட்டிக்கொண்டார். திறந்த கத்தியோடு தெருவில் எப்படி நடப்பது? ஒரு முழு ரொட்டியை வாங்கி, அதற்குள் அலகைச் செருகி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வீடு சேர்ந்திருக்கிறார். புகாரோடு ரொட்டிக்கும் ரசீது இணைத்திருந்தார்.

நாற்பத்தொரு கத்திகள் திரும்பியதும் கூட்டம் நடந்தது. டிகிரி நாற்பத்தொன்றையும் அளந்துவிட்டார். எல்லாம் ஏழரை, இம்மி பிசகவில்லை. சாய்வு சரி, உலோகம் சரி. அப்புறம் என்ன மிச்சம்? கணினியைத் தட்டினார்கள். நாற்பத்தொரு பீப்பும் அவளுடையது. முப்பது தடவை திறந்து மூடுகிறவளுக்கு ஒரு கத்திகூடவா ஒட்டவில்லை என்று மேலாளர் கேட்டார். ஒட்டவில்லை என்றாள். டிகிரி தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ பார்க்காமலே பீப் அடிச்சிருக்கீங்க” என்றார் மேலாளர்.

சாயங்காலம் கையில் ஒரு கடிதம் வந்தது. சோதனை செய்யாமல் செய்ததாகப் பதிவிட்டது குறித்து மூன்று நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். திருப்தியில்லையென்றால் வேலை இல்லை. எட்டு வருஷம் சுற்றி, முதல் வருஷம் நின்ற அதே இடத்துக்கு வந்து நின்றாள். இந்த முறை சாட்சி இருந்தது. சாட்சியே எதிர்க்கட்சியில் போய்ச் சேர்ந்துகொண்டது.

வேலை போனால் போகட்டும் என்று சொல்லும் நிலையில் அவள் இல்லை. ஆனால் பேருந்தில் அவளைக் குடைந்தது அதுவல்ல. பார்க்காமல் விட்டவள் என்று ஒரு காகிதம் இருக்கப்போகிறது. பட்டம் வாங்கி எந்தச் செடியையும் பிழைக்க வைக்காதவள், ஒழுங்காகப் பார்த்தாள் என்ற ஒன்றைத்தான் எட்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தாள்.

வீட்டில் அம்மா ஒரு பயணப் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்ததும் என்ன என்றாள். இவள் ஒன்றுமில்லை என்றாள். சரி, ஒன்றுமில்லாததைச் சாப்பிட்டுவிட்டுச் சொல் என்றாள் அம்மா. பெட்டியின் ஜிப் பாதியில் நின்றுவிட்டது. அம்மா எழுந்துவந்து, கேட்காமல் கொள்ளாமல் மகளின் பைக்குள் கைவிட்டுப் பென்சிலை எடுத்தாள். இது தினசரி நடக்கிற திருட்டு. மகளின் பென்சில்கள் மாதம் ஒன்று தேய்வதற்கு அம்மாதான் காரணம். ஜிப்பின் பற்கள் மேல் இரண்டு பக்கமும் பரபரவென்று தேய்த்தாள். இழுத்தாள். ஜிப் வெண்ணெயில் போவதுபோல ஓடியது.

இதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். ஆயிரத்தோராவது தடவை கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அம்மா, அதை இன்னொரு தடவை பண்ணு.”

“ஏண்டி, பெரிய படிப்புப் படிச்சவளுக்கு ஜிப் இழுக்கறது வேடிக்கையா?”

“கறுப்பு எத்தனை நாள் நிக்கும்?”

“அது போறதுக்குள்ள பல்லு தானே பழகிடும். புதுசுலதான் ஒட்டும். அப்புறம் எதுக்குப் பென்சில்?”

முதலில் வந்தது சந்தோஷம். அதன் வாலைப் பிடித்துக்கொண்டே வேறொன்று வந்தது. பழைய எஃகு நாக்குகளுக்குப் பென்சில் தேவைப்படவில்லை, சரி. ஆனால் அந்த இருபது மாதிரிக் கத்திகள்? அவை நல்ல கத்திகள் என்று அவள் கண்டுபிடித்தாளா, இல்லை நல்ல கத்திகளாக ஆக்கிவிட்டுக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டாளா? பார்ப்பதுதான் தன் வேலை என்று இருந்தவள், பார்த்த இடத்தில் எல்லாம் விரலை வைத்துவிட்டிருக்கிறாள். ஆற்றில் ஆழம் பார்க்க இறங்கினவளே அணையைக் கட்டிவிட்டு வந்த கதை.

மறுநாள் காலை டிகிரியின் அறைக்குப் போய், அலமாரியைத் திறக்கச் சொன்னாள். ஒரு மாதிரிக் கத்தியை எடுத்து விளக்கடியில் நாக்கின் நுனியைக் காட்டினாள். டிக் என்று சொல்ல முடியாது. சாம்பல் நிறத்தில் பளபளவென்று ஒரு பூச்சு. ஓரத்தில் மட்டும் டிக்கின் வால் மிச்சமிருந்தது. இருபதிலும் இருந்தது.

அவருக்குப் புரியவில்லை. புரியவைக்க மெஷின் தேவைப்பட்டது. கடைசி மேஜைக்கு இன்னும் வராமல் கிடங்கில் இருந்த புதுக் கத்திகளில் இரண்டை எடுத்தார்கள். ஒன்றின் நாக்கில் அவள் டிக் போட்டாள். இன்னொன்றை அப்படியே விட்டாள். இரண்டையும் பூட்டி மெஷினை ஓடவிட்டார்கள். முப்பதுவரை இரண்டும் ஒன்றுபோலவே ஓடின. புதுக் கத்தியில் இருக்கும் எண்ணெய்ப் பசை அதுவரை தாங்கியது. அவள் மேஜையில் ஏன் எதுவும் ஒட்டவில்லை என்பதற்கு அதுதான் பதில். ஐம்பதில் வெறும் கத்தி முனகியது. அறுபத்தெட்டில் நின்றது, மெஷினின் விரல் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுச் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டது. டிக் போட்ட கத்தி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மதியம் இரண்டாயிரத்தைத் தாண்டியபோது டிகிரி நாற்காலியில் உட்கார்ந்தார். அது எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று சொல்லவில்லை.

“இது வேற யாருக்குத் தெரியும்?” என்றார்.

“எங்கம்மாவுக்குத் தெரியும் சார். ஆனா அவங்க ஜிப்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க.”

அவர் நெடுநேரம் பரிசுக் கேடயத்தையே பார்த்தார். பிறகு ஒரு யோசனை சொன்னார். புது மேற்பூச்சு ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறோம் என்று அவர் மேலாளரிடம் சொல்வார். நாற்பத்தொரு கத்திகளும் சரியாகிவிடும். அவளுடைய கடிதத்தைப் பற்றி யாரும் நினைக்கவே மாட்டார்கள். காலப்போக்கில் அது கோப்புக்குள் தூங்கிவிடும். பென்சில் என்ற சொல் எங்கேயும் வர வேண்டியதில்லை.

மோசமான பேரம் இல்லை என்று அவளுக்கே தோன்றியது. வேலை தங்கும். அவர் மானமும் தங்கும். ஆனால் காகிதம் தூங்கும் என்றார். செத்துப்போகும் என்று சொல்லவில்லை.

“பூச்சுக்கு நீங்க என்ன பேர் வேணா வைங்க சார். பரிசும் உங்களுதுதான், நான் ஒண்ணும் கேக்கல. ஆனா நான் பார்க்காம விட்டேன்னு ஒரு காகிதம் எங்கயும் இருக்கக் கூடாது. முந்நூறையும் பார்த்தேன். அது மட்டும் எழுத்துல வரணும்.”

“அப்படி எழுதினா, ஏன் ஒட்டுச்சுன்னு கேப்பாங்களே.”

“கேப்பாங்க.”

மெஷின் மூவாயிரத்தைத் தாண்டியதும் அவள் தன் மேஜைக்குத் திரும்பிவிட்டாள்.

மூன்றாம் நாள் மேலாளர் அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். அவள் தன் விளக்கக் கடிதத்தை மடியில் வைத்திருந்தாள். டிகிரி இரண்டு கத்திகளை மேஜைமேல் வைத்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார். மூன்று தடவை சரிசெய்தார்.

“பூட்டு என்னோடது” என்றார். “அதை ஓட வச்சது இவங்க பென்சில். அந்தப் பென்சிலை நிறுத்தினது நீங்க.”

மேலாளர் சோப்புக் கம்பெனியில் வீணாக இருந்துவிடவில்லை. முகம் சிவந்தது அரை நிமிஷம்தான். அடுத்த நிமிஷம், விளம்பரப் புத்தகத்தின் அடுத்த பதிப்பில் கார்பன் மேற்பூச்சு, கையால் செய்தது என்று போடலாமா என்று கேட்டார். விலையை ஏற்றலாம் என்றும் அவருக்குப் பட்டது. வாங்குகிறவர்கள் அந்தக் கறுப்பைப் பற்றியும் நான்கு பக்கம் எழுதுவார்கள் என்பதில் மூவருக்கும் சந்தேகமில்லை.

அடுத்த வாரம் டிகிரி அளவுகோலோடு கடைசி மேஜைக்கு வந்தார். செய்முறைத் தாளில் படம் வரைய வேண்டுமாம். டிக்கின் சிறிய கால் இரண்டு மில்லிமீட்டர், பெரிய கால் ஐந்து என்று குறித்துக்கொண்டவர், நடுவிலிருக்கும் கோணம் கத்திக்குக் கத்தி, நாளுக்கு நாள் மாறுகிறதே, எத்தனை டிகிரி என்று போடுவது என்று கவலைப்பட்டார். வேறு ஏதாவது போடுங்கள், ஏழரை மட்டும் வேண்டாம் என்றார் எதிர்மேஜைச் சாணைக்காரர். தாளில் அவள் சேர்க்கச் சொன்னது ஒரே வரிதான்: முதலில் பார்க்க வேண்டும், பிறகுதான் டிக். டிகிரி அதை எழுதி, கீழே கோடு போட்டார்.

கொள்முதல் பிரிவு வாங்கி அனுப்பிய முதல் டஜன் பென்சில்கள் கல்லுக்குச் சமமாக இருந்தன. திருப்பி அனுப்பினாள்.

ஆனால் இதெல்லாம் பின்னால் நடந்தவை. அந்த மூன்றாம் நாள் அவள் கண் தன் விளக்கக் கடிதத்தின் மேலேயே இருந்தது. கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது அதை மேலாளரிடம் நீட்டினாள். அரைப் பக்கம். முந்நூறு கத்திகளையும் முப்பது தடவை திறந்து மூடிப் பார்த்தேன். முப்பதில் தெரியாத குறை அறுபதில் தெரிந்தது. இனி நூறு தடவை பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாள். மேலாளர் ஒரு கையில் கைபேசியைப் பிடித்து யாரிடமோ பேசிக்கொண்டே, மறு கையால் அதை வாங்கி, ஏற்கப்பட்டது என்ற முத்திரையைக் குத்தி, ஓரத்தில் சிவப்பு மையால் பெரிதாக ஒரு டிக் போட்டு, திரும்ப நீட்டினார்.

அவள் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் பேசி முடிக்கும்வரை நின்றாள். கைபேசியைக் கீழே வைத்ததும் கேட்டாள்:

“பார்த்துட்டுத்தான் போட்டீங்களா சார்?”

மேலாளர் அவளைப் பார்த்தார். டிகிரியைப் பார்த்தார். டிகிரி இந்த முறை நகத்தைப் பார்க்கவில்லை. மேலாளர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, காகிதத்தைத் திருப்பிப் பிடித்து, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார். அவர் முடிக்கும்வரை அவள் நின்றுகொண்டே இருந்தாள்.